பார் அக்காவும் ஆறு மீட்டர் உயரத்துச் சம்பந்தியும்

"பொறுங்க. இது யாருன்னே இன்னும் தெரியல."

எதிரே நிற்பவர் மண் லாரி ஓட்டுநர். அவருடைய லாரியின் தொட்டி பாதி தூக்கிய நிலையில் இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. மேசைக்குப் பின்னால் இருக்கும் அக்கா, அவர் கொண்டுவந்த எண்ணெய் வடியும் நட்டை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரல் நகத்தால் அதன் மரையை வருடிக்கொண்டிருக்கிறார். கண்கள் மூடியிருக்கின்றன. ஓட்டுநர் பார்வையாலேயே என்னிடம் நியாயம் கேட்கிறார். நான் என்ன செய்ய முடியும்? நானும் காத்திருப்பவன்தான்.

கண்ணைத் திறந்த அக்கா, வெர்னியர் காலிப்பரை எடுத்து உள்விட்டத்தை அளக்கிறார். நட்டைத் திருப்பி வைத்து மறுபடி அளக்கிறார். அடுத்து, கத்திக் கத்தியாக மடிந்திருக்கும் ஒரு சின்னக் கருவியை விரிக்கிறார். ஒவ்வொரு தகட்டிலும் நுணுக்கமான பற்கள். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'சீப்பு'. ஒவ்வொரு சீப்பாக மரையின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறார். நான்காவது சீப்பில் வெளிச்சம் தெரியவில்லை. முகம் மலர்கிறது.

"கண்டுபிடிச்சாச்சு. பல்லோட கோணம் அறுபது டிகிரி. நீங்க போட்டு இறுக்கப் பார்த்தது அம்பத்தஞ்சு டிகிரி. ரெண்டுக்கும் ஒரு இஞ்சுக்குப் பதினாலு பல்லுதான், அதனாலதான் ஏமாந்தீங்க. ரெண்டு சுத்து சிரிச்சுக்கிட்டே போகும். மூணாவது சுத்துல முறைக்கும். அப்பவும் விடாம ஸ்பேனரைப் போட்டு இறுக்குறவன் இருக்கான் பாருங்க, அவனாலதான் எனக்கு ஞாயித்துக்கிழமையும் வேலை."

லாரி ஓட்டுநர் தலையைக் குனிந்துகொள்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை இறுக்கியவர் அவர்தான்.

எண்ணெயை அழுத்தி அதன் பலத்தால் பாரம் தூக்கும் எந்த இயந்திரமானாலும் எங்கள் பகுதியில் அது இவரிடம்தான் வரும். லாரித் தொட்டி, முடிதிருத்தகத்தின் நாற்காலி, பல் மருத்துவரின் கட்டில், எதிரே இருக்கும் என் புத்தக பைண்டிங் கூடத்தின் காகிதம் வெட்டும் இயந்திரம் எல்லாம் இதில் அடக்கம். அழுத்தத்தை அளக்கும் அலகு 'பார்'. அக்கா உலகத்தையே அந்த அலகில்தான் பார்க்கிறார். மழை வலுத்தால் "நாலு பார்ல அடிக்குது" என்பார். பல் மருத்துவர் கோபமாகப் பேசினால் "அவரு இருநூறுக்கு மேல போயிட்டாரு, கொஞ்சம் திறந்து விடணும்" என்பார். தெரு அவருக்குப் பார் அக்கா என்று பெயர் வைத்துவிட்டது.

அந்தப் பெயரால் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அவர் மகளைப் பெண் கேட்க நினைத்த குடும்பம், வழக்கம்போல முன்னதாக ஆள் அனுப்பித் தெருவில் விசாரித்திருக்கிறது. "யாரு, பார் அக்கா பொண்ணா? நல்ல குடும்பம். காலையில எட்டு மணிக்கே திறந்துருவாங்க. அம்மா வெளியில நின்னு வர்றவங்க எல்லாரையும் கவனிப்பாங்க. அவங்ககிட்ட போயிட்டு வந்தா ஒருத்தனும் கோணலா நிக்க மாட்டான்" என்று முடிதிருத்துபவர் மனமாரச் சான்று கொடுத்தார். அவர் தம் நாற்காலியை நினைத்துச் சொன்னார். வந்தவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு பையனே நேரில் வந்து கடையைப் பார்த்து, குழாய்களையும் நட்டுகளையும் பார்த்து, வெளியே போய்த் தெருமுனையில் தனியாக நின்று சிரித்துவிட்டுத் திரும்பி வந்தான். கல்யாணம் நடந்தது.

அக்காவின் கணவர் தையற்காரர். கடையின் பின்னறையில் அவருடைய இயந்திரம் ஓடுகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் நாள் முழுக்க அளக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒருவர் அளவை மற்றவர் நம்புவதில்லை. "துணிக்கு ஒரு விரல் தாராளம் விடணும், அப்பத்தான் மனுஷன் மூச்சு விடுவான்" என்பார் அவர். "எங்க வேலையில மூச்சு விட்டா எண்ணெய் வரும்" என்பார் இவர். இது அவர்கள் தினமும் ஒருமுறையாவது சொல்லிக்கொள்ளும் வசனம். முப்பது வருடமாக இருவரும் அதைப் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டுக்கொள்கிறார்கள்.

கருவிகளில் அக்காவுக்குக் கடும் பாரபட்சம் உண்டு. அழுத்தம் காட்டும் கேஜ்கள் அவரிடம் பதினேழு இருக்கின்றன. எதையும் தனியாக நம்பமாட்டார். "ஒத்தை கேஜ் சொன்னா அது வதந்தி. ரெண்டு கேஜ் ஒரே மாதிரி சொன்னாத்தான் செய்தி." இந்தப் பதினேழுக்கும் மேலே ஒரு பெரிய கேஜ் உண்டு. மற்றவற்றைச் சரிபார்ப்பது மட்டுமே அதன் வேலை. வீட்டு அலமாரியில் அவருடைய நல்ல துணிகளுக்கு நடுவே, பஞ்சு வைத்த பெட்டியில் படுத்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கி வருவார். பேருந்தில் ஜன்னலோரம் அதற்கு ஓர் இருக்கை, பக்கத்தில் இவருக்கு ஓர் இருக்கை.

"அப்ப உங்க வீட்டுக்காரர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவரு நின்னுக்கிட்டு வருவாரு. அவருக்கு என்ன, குலுங்கினா அளவு மாறிடுமா?"

சிரித்துக்கொண்டே இதையெல்லாம் பார்க்கலாம், அவருடைய இடது கையைப் பார்க்காதவரை. ஆள்காட்டி விரல் மடங்காது. மணிக்கட்டு வரை நீளமாக ஒரு தழும்பு. தொழிலுக்கு வந்த புதிதில், ஓடிக்கொண்டிருந்த ஒரு குழாயில் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். "குண்டூசி குத்தின மாதிரி இருந்துச்சு. வலியே இல்ல. துடைச்சுக்கிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் கை தலையணை மாதிரி ஆயிடுச்சு. மயிரிழை ஓட்டைதான், ஆனா எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள போயிடுச்சு. டாக்டர் நாலு தடவை கையைக் கிழிச்சுக் கழுவினாரு." அன்றிலிருந்து கசிவு தேட அவர் அட்டைத் துண்டைத்தான் நீட்டுவார். வீட்டுக்கு வரும் எந்த அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடமாட்டார். வந்த விருந்தாளி கையில் இனிப்புப் பெட்டி இருந்தால், அக்காவின் கண் முதலில் பெட்டியின் கனத்தைத்தான் பார்க்கும்.

சம்பந்தியுடன் பேச்சு நின்ற கதையும் ஒரு நட்டில்தான் தொடங்கியது. சம்பந்திக்கு இரும்புச் சாமான் கடை. வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு. கனத்த உடம்பு, கனத்த குரல், மேடை கிடைத்தால் விடாதவர். மகளும் மருமகனும் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, தண்ணீர் மோட்டாருக்குத் தாமே குழாய் இணைத்துக் கொடுத்திருக்கிறார். நட்டு ஒரு வகை, குழாய் வேறு வகை. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இது சேராதே" என்றார். சம்பந்தி விருந்தாளிகள் பக்கம் திரும்பி, பேச்சை நிறுத்திய அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"எல்லா நட்டும் ஒண்ணுதான் சம்பந்தியம்மா. வெள்ளை டேப்பைச் சுத்தி இறுக்கினா எதுவும் எதுலயும் போகும்."

அக்கா கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து இணைப்பைக் கழற்றி, அதில் சுற்றியிருந்த டேப்பை எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணிக்கொண்டே பிரித்தார். பதினொரு சுற்று. பதினோராவது சுற்று பிரியும்போது யாரோ மோட்டார் விசையைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் நேராகச் சம்பந்தியின் சட்டையில் போய் விழுந்தது. யார் போட்டது என்பது இன்றுவரை தெரியவில்லை. தையற்காரரை மட்டும் நான் சந்தேகிக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. ஒரே அறையில் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் மருமகன் வழியாகப் பேசிக்கொள்வார்கள். "உன் மாமியாரை அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுப்பா." "அப்பாகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை, காத்து வரட்டும்னு." மருமகன் டென்னிஸ் பார்ப்பவர்போல இருபக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான்.

இப்படி இருக்கையில்தான் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் வந்தது. இரண்டு மாடி. உச்சியில் பெயர்ப்பலகை, அதன்மேல் திரை. கீழே நின்று கயிற்றை இழுத்தால் திரை விலகும். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள். தலைவரான சம்பந்தி அதில் கம்பீரம் இல்லை என்று கருதினார். எண்ணெய் அழுத்தத்தால் கத்தரிபோல விரிந்து உயரும் தூக்குத்தளம் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தார். தாம் மனைவியுடன் அதில் உயர்ந்து போய், கையாலேயே திரையை விலக்கி, அங்கிருந்தே உரையாற்றுவது என்று முடிவானது. உரைக்கு ஐந்து நிமிடம் என்று செயற்குழு தீர்மானம் போட்டிருந்தது. காலை பத்து மணிக்குத் தளம் உயர்ந்தது. திரை விலகியது. கைதட்டல் எழுந்தது. ஐந்து நிமிட உரையும் முடிந்தது. இயக்குபவர் இறக்கும் பொத்தானை அழுத்தினார். தளம் அசையவில்லை. கையால் இறக்கும் குமிழை இழுத்தார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

ஆறு மீட்டர் உயரத்தில் தலைவர், அவர் மனைவி, ஒரு நாற்காலி, ஒரு மைக்.

ஏணி கொண்டுவந்து சாத்தினார்கள். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். தலைவரின் மனைவி கைப்பையைத் தோளில் மாட்டி, படிப்படியாக இறங்கி வந்து, முன்வரிசையில் தமக்குப் போட்டிருந்த நாற்காலியில் அமர்ந்துகொண்டார். தலைவர் இறங்கவில்லை. "தலைவர் ஏணியில இறங்கினார்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது" என்று மைக்கில் அறிவித்தார். பிறகு, "யாரும் அவங்களைக் கூப்பிட வேண்டாம்" என்றும் அறிவித்தார். எவங்களை என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. தலைவரின் மனைவி கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்தார்.

கடையில் மணி அடித்தபோது நான் அங்கே இருந்தேன். அக்கா ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்.

"அவரு மேல நிக்கிறாரு. இறங்க மாட்டேங்குது. வர்றீங்களா?"

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டு மாடி."

"யாராச்சும் எதையாச்சும் கழட்டினாங்களா?"

"ஆபரேட்டர் பெரிய ஸ்பேனரை எடுத்துக்கிட்டு சுத்தி சுத்தி வர்றாரு."

"அவரைத் தொட விடாதீங்க. ஒரு நாற்காலியைத் தூக்கிட்டுப் போய் மிஷினுக்கு முன்னாடி போட்டு உக்காந்துக்கோங்க. நான் வர்றேன்."

உடனே கிளம்பிவிடவில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பினார். நூற்று அறுபது பார் காட்டும் கேஜை எடுத்தார், யோசித்தார், திரும்ப வைத்தார். நானூறு பார் கேஜை எடுத்தார். அதைச் சரிபார்க்க இன்னொரு நானூறு. சீப்பு இரண்டு செட், காலிப்பர், மயிரளவு துளையுள்ள இரண்டு மீட்டர் சோதனைக் குழாய், அதன் நுனிக்கு ஊசி வால்வு. சோதனைக் குழாயை இயந்திரத்தில் மாட்டும் தலைகள் மட்டும் ஏழு வகை. ஏழையும் துடைத்துத் துடைத்து வைத்தார். மூடி போட்ட இரண்டு வாளிகள். அட்டைத் துண்டு.

"அக்கா, மனுஷன் மேல நிக்கிறாரு" என்றேன்.

"நிக்கட்டும். அரக்கப் பரக்க ஓடி, அங்க போய் ஒரு தலை இல்லன்னு திரும்பி வந்தா அவரும் நிப்பாரு, நானும் நிப்பேன்."

பின்னறையிலிருந்து தையற்காரர், "குடையை எடுத்துட்டுப் போ, வெயில்" என்றார். அவர் சொன்னதில் அக்கா ஏற்றுக்கொண்ட ஒரே யோசனை அதுதான்.

நாங்கள் போனபோது தலைவரின் மனைவி இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இயக்குபவர் ஸ்பேனருடன் எதிரே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "அம்மா, அந்த ஒரு ஜாயின்டை லேசா லூசு பண்ணினாப் போதும், எண்ணெய் வெளிய போகும், ஐயா இறங்கிடுவாரு."

"இறங்குவாரு" என்றார் அக்கா. "எப்படி இறங்குவாருன்னுதான் கேள்வி. நூறு பாருக்கு மேல நிக்குது. நீங்க லேசா லூசு பண்ணினா அது லேசா வராது. உங்க மூஞ்சியைத் துளைச்சுட்டு வரும். ஐயா மொத்தமா வருவாரு." தமது இடது கையை இயக்குபவரின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டார்.

மேலேயிருந்து ஒலிபெருக்கி பேசியது. "யார் வரச் சொன்னது இவங்களை?"

அந்த ஒலிபெருக்கியால் ஒரு விபரீதம் நேர்ந்தது. தலைவர் மைக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். அணைக்கும் எண்ணம் அவருக்கு ஆயுளில் வந்ததில்லை. கீழே அக்கா சாதாரணமாகப் பேசினார். ஆகவே நடந்த உரையாடலில் சரிபாதி மட்டும் நாலு தெருவுக்கும் கேட்டது.

அக்கா இயந்திரத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். கத்தரிக்குள் ஒருவரும் தலையை நீட்டக் கூடாது என்றார். வெளிப்பக்கம், கேஜ் மாட்டிப் பார்ப்பதற்கென்று இருந்த சோதனை முனையின் தொப்பியைக் கண்டுபிடித்தார். தொப்பியைக் கழற்றினாலும் உள்ளே ஒரு சிறு குண்டு அடைத்துக்கொண்டிருக்கும், எண்ணெய் வராது. சரியான தலையை மாட்டினால்தான் குண்டு விலகும். தவறான தலையை இறுக்கினால் மரை உரிந்து, மொத்தமும் பிய்த்துக்கொண்டு போகும். இவ்வளவும் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி, குடையை என்னிடம் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த முனையை நகத்தால் வருட ஆரம்பித்தார்.

"என்ன பண்றாங்க?" என்றது ஒலிபெருக்கி. "தூங்குறாங்களா?"

கூட்டம் சிரித்தது. அக்கா காலிப்பரை வைத்தார். வெளிவிட்டம் பதினாறு மில்லி. பதினாறு மில்லியில் மூன்று வகை உண்டு. பார்வைக்கு மூன்றுக்கும் ஒரே முகம். சீப்பை எடுத்தார். முதல் சீப்பு, வெளிச்சம். இரண்டாவது, வெளிச்சம். "இந்த மிஷின் மூணு ஊருக்குப் பொறந்தது. குழாய் ஒரு ஊரு, வால்வு ஒரு ஊரு, முனை ஒரு ஊரு" என்று முணுமுணுத்தார். செயற்குழு உறுப்பினர் ஒருவர் கடிகாரத்தைக் காட்டினார். இன்னொருவர் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். அது விழாவின் அலங்கார வளைவுக்கு அடியில் நுழைய முடியாமல் நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. இருபது நிமிடம் போயிருக்கும். வெயில் நேராக இறங்கியது.

அப்போது ஒலிபெருக்கியில் குரல் மாறியது. மேடைக் குரல் இல்லை. நாங்கள் இதற்குமுன் கேட்டிராத சின்னக் குரல்.

"சம்பந்தியம்மா. எனக்குக் கால் நடுங்குது. ஏணியில இறங்காதது கௌரவத்துக்காக இல்ல. பயமா இருக்கு."

அவர் அதை அக்காவுக்கு மட்டும் சொல்வதாகத்தான் நினைத்தார். நாலு தெருவும் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் மனைவி எழுந்து நின்றுவிட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பேசினார். "நாற்காலியில உக்காருங்க சம்பந்தி. கம்பியைப் பிடிச்சுக்கோங்க. கீழ பார்க்காதீங்க, எதிர்ல ஜன்னலைப் பாருங்க. இன்னும் ஒரே ஒரு சீப்புதான்."

அந்தச் சீப்பில் வெளிச்சம் தெரியவில்லை. ஏழு தலைகளில் ஐந்தாவதை எடுத்தார். கையாலேயே திருகினார். ஸ்பேனரின் உதவி கேட்காமல் கடைசி மரைவரை வழுக்கிக்கொண்டு போனது. கேஜின் முள் எழுந்து நூற்றுப்பத்தில் நின்றது. இன்னொரு கேஜும் நூற்றுப்பத்து. இயக்குபவர் தம் பையிலிருந்து நூற்று அறுபது பார் கேஜ் ஒன்றை எடுத்துக்காட்டி, இதுவே போதுமே என்றார்.

"உள்ள வைங்க. ஏன்னு போகப் போகத் தெரியும்" என்றார் அக்கா.

குழாயின் நுனியை வாளி மூடியின் ஓட்டையில் கட்டி, ஊசி வால்வைக் கால் சுற்றுத் திறந்தார். வாளிக்குள் சீறும் சத்தம் கேட்டது. தளம் இறங்கத் தொடங்கியது. இறங்குகிறது என்பதை, பின்னால் இருந்த சுவரின் செங்கல் வரிசையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு செங்கல் தாண்டக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆனது.

"அவ்வளவு மெதுவாவா?" என்றார் செயற்குழு உறுப்பினர் ஒருவர்.

"ஒரு உசிரு இதுல உக்காந்திருக்கு. மெதுவாத்தான் வரும்."

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு செங்கல் இறங்கியதும் தைரியம் வந்தது. மைக்கும் கையில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் அடங்காமல் வெட்டிப் போட்ட உரை முழுவதும் சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துப் பிரித்தார். சங்கம் தோன்றிய வரலாறு, முதல் தலைவர், இரண்டாம் தலைவர், சாக்கடைப் பிரச்சினை, தெருவிளக்குப் பிரச்சினை. யாராலும் தடுக்க முடியவில்லை. தடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் கீழே இருந்தார்கள். முதல் மாடி ஜன்னலுக்கு வந்தபோது உரை முடிந்துவிட்டது. இன்னும் பாதித் தூரம் பாக்கி. சும்மா இருக்கத் தெரியாதவர், "இப்ப எத்தனை பார் சம்பந்தியம்மா?" என்று கேட்டார்.

"நூத்தி முப்பது."

"நூற்று முப்பது பார்" என்று நாலு தெருவுக்கும் அறிவித்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. இறங்கினால் குறைய வேண்டாமா? அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார். "கீழ வர வர கத்தரி படுக்கும். படுத்த கத்தரிக்குப் பாரம் கூடும். இன்னும் ஏறும்."

ஏறியது. நூற்று நாற்பத்தைந்து, நூற்று ஐம்பது, நூற்று அறுபது. ஒவ்வொன்றையும் தலைவர் அறிவித்தார். கூட்டம் திருப்பிச் சொன்னது. நூற்று எழுபதில் இயக்குபவர் தம் கேஜைச் சத்தமில்லாமல் பையின் அடிக்குத் தள்ளினார். நூற்றுத் தொண்ணூறில் தளம் தரைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. தலைவர் எழுந்து காலை நீட்டினார்.

"உக்காருங்க" என்றார் அக்கா. "முள்ளு பூஜ்யத்துக்கு வரட்டும்."

உட்கார்ந்தார். இரண்டாவது வாளியும் முக்கால் நிறைந்தது. தளம் தட்டென்று கூடத் தரையைத் தொடவில்லை. ஒரு துணி மடிந்து விழுவதுபோல உட்கார்ந்தது. முள் விழுந்து பூஜ்யத்தில் படுத்தது. இரண்டு கேஜிலும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இறங்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாலையும் கைதட்டலும் தலைவருக்குத்தான் போயின. மனைவி தண்ணீர் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மாலையும் மைக்குமாக, இயந்திரத்தின் பக்கம் வந்து நின்றார்.

அக்கா தரையில் அமர்ந்து இறக்கும் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே சல்லடைக் கண்போல ஒரு சின்னத் துளை. அதற்குக் குறுக்கே எதுவோ அடைத்திருந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தார். நகத்தளவு நீளத்தில், ஈர நூல்போல ஒன்று வந்தது. அட்டைத் துண்டின்மேல் வைத்து விரித்தார். வெள்ளை டேப்.

இயக்குபவர் கைகளைப் பிசைந்தார். எங்கள் மூவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நேத்து ஒரு ஜாயின்ட் கசிஞ்சுச்சும்மா. புது நட்டு ஐயா கடையிலதான் வாங்கினேன். சரியா உக்காரலன்னு சொன்னேன். ஐயாதான் டேப்பைக் கொடுத்து நல்லா சுத்துன்னாரு."

அக்கா அதைக் கேட்டுக்கொண்டார். அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியின் முகத்தில் வெயில் சிவப்புக்கு மேல் இன்னொரு சிவப்பு ஏறியது. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். கீழே உட்கார முயன்று, முட்டி ஒத்துழைக்காமல், பாதிக் குனிந்த நிலையில் நின்றார்.

"சம்பந்தியம்மா," என்றார், "அந்த நட்டு விஷயத்துல நான்..."

சொன்னது கட்டட உச்சியில் இருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்தும் புறப்பட்டுத் தெருமுனைவரை போனது. கலைந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்று திரும்பியது. செயற்குழு உறுப்பினர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அக்கா எழுந்தார். எண்ணெய்க் கையை இடுப்புத் துணியில் துடைத்தார். சம்பந்தியின் விரல்களுக்கு நடுவிலிருந்து மைக்கை மெல்ல உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் இருந்த விசையைத் தேடிக் கண்டுபிடித்து அணைத்தார். ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. இரண்டாவது முறையும் தட்டிப் பார்த்தார்.

"இப்பச் சொல்லுங்க" என்றார்.